ராத்திரி பத்து மணிக்கு மேட்ச், லைட்டே கிடையாது

அமெரிக்காவின் வடகோடி மாநிலமான அலாஸ்காவின் ஃபேர்பேங்க்ஸ் ஊரில் வருஷா வருஷம் ஜூன் மாதம் ஒரு நாள் ராத்திரி பத்து மணிக்கு பேஸ்பால் மேட்ச் ஆரம்பிக்கும். மைதானத்தில் விளக்கு போட மாட்டார்கள், நள்ளிரவிலும் வெளிச்சம் இருக்கும். 1906-ல் ரெண்டு பார்க்காரர்களுக்குள் பந்தயமாக ஆரம்பித்ததாம் இது. சரக்கில்தானே எல்லா நல்ல யோசனையும் வரும்!

இப்போது இந்த மேட்சை ஆடும் கோல்ட்பேனர்ஸ் அணியை 1960-ல் ரெட் பௌச்சர் என்பவர் தொடங்கினார். தங்கம் அரிப்பவர்கள் என்று பெயர். தங்க வேட்டையில் முளைத்த ஊராச்சே. காலேஜ் பையன்கள் கோடை லீவுக்கு வந்து ஆடுவார்கள். சம்பளம் கிடையாது. உள்ளூர்க் குடும்பங்கள் வீட்டில் தங்க வைத்துச் சோறு போடும்.

அப்படி 1964-ல் வந்த டாம் சீவர் பின்னால் அமெரிக்காவின் உச்ச பேஸ்பால் போட்டியான மேஜர் லீக்கில் 311 மேட்ச் ஜெயித்துக் கொடுத்த பிட்சர், அதாவது பந்து வீசுபவர். பின்னால் பெரிய பேஸ்பால் நட்சத்திரங்களான டேவ் வின்ஃபீல்டும் பேரி பாண்ட்ஸும்கூட இங்கே ஆடியவர்கள்தான். இத்தனை பெரிய ஆட்களை ஒரு மூலை ஊருக்கு இழுத்து வந்த பௌச்சர், ஃபேர்பேங்க்ஸ் மேயராகவும் அலாஸ்காவின் துணை ஆளுநராகவும்கூட இருந்திருக்கிறார். எனக்கென்னவோ அரசியலைவிட இதுதான் பெரிய சாதனையாகப் படுகிறது.