ஒரு பிற்பகலின் ஒலி

பரணிலிருந்து இறக்கிய அட்டைப்பெட்டியில் இன்று காலை ஒரு பழைய பாட்டுக் கேசட் கிடைத்தது. அதன் மேல்விளிம்பிலுள்ள இரண்டு சிறு பள்ளங்களிலும் காகிதத்தை மடித்துத் திணித்திருந்தார் அப்பா. கடையில் வாங்கிய கேசட்டில் நம் குரலைப் பதிவதற்கு அக்காலத்தில் பல வீடுகளில் கையாண்ட உபாயம் அது.

தளர்ந்திருந்த நாடாவைப் பென்சிலால் சுற்றி இறுக்கி, ரிச்சி தெருவில் பழுதுபார்த்து வாங்கிய டேப்ரிக்கார்டரில் போட்டேன்.

பாதிப் பாட்டில் ‘டக்’கென்று ஒரு சத்தம். பிறகு ஆச்சியின் குரல்: “எதுக்குல இந்தப் பெட்டிகிட்ட பேசச் சொல்லுத?”

அவ்வளவுதான் பேசினார்கள். மிச்சமெல்லாம் குக்கர் விசில், தெருவில் கோலமாவு விற்பவரின் கூவல், என் சிரிப்பு.

எங்கள் வீட்டுக் கல்யாண வீடியோக்களை யாரும் இரண்டாம் முறை பார்த்ததில்லை. ஆனால், நல்ல நாளென்று ஒருவரும் குறித்துவைக்காத இந்தப் பிற்பகலை இன்று நான்கு முறை கேட்டுவிட்டேன்.

நாடாவின் மேற்பூச்சு ஈரக்காற்றில் நாளடைவில் உதிரக்கூடியது என்பதால், உடனே கைப்பேசியில் பதிந்து தம்பிக்கு அனுப்பினேன்.

“மூணாவது விசிலுக்கு அம்மா அடுப்பை அணைக்கச் சொல்றாங்க, கேட்டியாண்ணே?” என்று பதில் வந்தது.

ஐந்தாம் முறை கேட்கிறேன்.