72ஆம் அதிகாரம்

பள்ளி நாள்களில் பேச்சுப்போட்டிக்கு என்னை ஆயத்தப்படுத்தியவர்கள் எல்லாரும் ஒன்றையே வலியுறுத்தினார்கள்: மேடையில் நடுங்கக்கூடாது. குறளில் அது 73ஆம் அதிகாரம், அவை அஞ்சாமை. அதற்கு முன் 72ஆவதாக அவையறிதல் நிற்பதன் பொருள், பல்கலைக்கழகத்தில் சொல்லாட்சிக் கலையையும் தொடர்பியலையும் பயிலத் தொடங்கிய பிறகே எனக்கு விளங்கியது.

பேசுபவரின் நம்பகத்தன்மை, கேட்பவரின் உணர்ச்சி, வாதத்தின் தர்க்கம் என அரிஸ்டாட்டில் வகுத்த மூன்றையும் முதல் வாரத்திலேயே படித்துவிடுவோம். என் மனத்தைப் பற்றிக்கொண்டது அவர் 'எந்திமீம்' என்றழைத்த வாதமுறைதான். அதில் பேசுபவர் ஒரு படியைச் சொல்லாமல் விடுகிறார். கேட்பவர் தமக்குள் ஏற்கெனவே வைத்திருக்கும் நம்பிக்கையைக் கொண்டு அதைத் தாமே நிரப்பிக்கொள்கிறார். அவையை அறியாதவரால் இத்தகைய வாதத்தைக் கட்டவே இயலாது.

இதை நான் உணர்ந்தது, பாடப்பணிக்காக, சிங்கப்பூரில் எங்கள் வட்டாரத்து மூத்தோர் நிலையமொன்றில் தொலைபேசி மோசடிகளைப் பற்றித் தமிழில் பேசச் சென்றபோது. இழப்புக் கணக்குகளையும் மோசடி வகைகளையும் தெளிவாக அடுக்கினேன்; குரல் சிறிதும் நடுங்கவில்லை. முடித்ததும் ஒரு பாட்டி கேட்டார்: "தம்பி, போலிஸ்னு சொல்றவர் பேசிக்கிட்டு இருக்கும்போதே போனை எப்படி வைக்கிறது? மரியாதையா இருக்காதே." பத்து நிமிடம் நான் போக்க முயன்றது அவர்களிடம் இல்லாத அறியாமையை. அவர்களைத் தடுத்தது, பேசுபவரை இடையில் துண்டிக்கக்கூடாது என்று வாழ்நாள் முழுதும் காத்துவந்த பண்பு. அந்தப் பண்பைத்தான் மோசடிக்காரர் பயன்படுத்திக்கொள்கிறார் என்பதும், அதைக் குறையாகக் கருதி நான் எதைச் சொன்னாலும் அது அவர்கள் காதில் ஏறாது என்பதும் அப்போது புரிந்தன.

அடுத்த வாரம் புள்ளிவிவரங்களை விட்டுவிட்டுச் சென்றேன். வாசலில் முன்பின் தெரியாத ஒருவர் வந்து நின்றால் நம் வீட்டில் என்ன செய்வோம் என்று மட்டும் கேட்டேன். யார், எங்கிருந்து வருகிறீர்கள் என்று விசாரிப்போம் என்றார்கள். விசாரிப்பது மரியாதைக் குறைவா என்றேன். இல்லை என்று பலர் ஒரே நேரத்தில் கூறினார்கள். தொலைபேசியைப் பற்றி நான் வாய் திறக்கவே இல்லை. அந்தப் பாட்டிதான் தம் கைப்பேசியை எடுத்துக் காட்டி, "இதுவும் வாசல்தானே" என்றார். பிறகு, மோசடி குறித்து விசாரிப்பதற்கான 1799 என்ற எண்ணைப் பெரிய எழுத்தில் எழுதித் தரச் சொல்லி என்னிடம் ஒரு தாளை நீட்டினார்.