எந்த ஊருக்கு வேலைக்குப் போறது: ஜனவரி, பிப்ரவரி 2025 நாட்குறிப்பு

ஜனவரி 6, திங்கள்

குர்கான் கம்பெனில இருந்து கால் வந்துச்சு, கடைசி ரவுண்டும் ஓகேவாம். புனே ஹிஞ்சவாடில ஒண்ணு, சென்னை சிறுசேரில ஒண்ணு ஏற்கெனவே ஓடிட்டு இருக்கு. மூணுமே யூஎஸ் ஷிப்ட் சப்போர்ட் வேலை, சாயங்காலம் ஆறரைக்கு உக்காந்தா எந்திரிக்க விடியக்காலம் மூணரை ஆயிரும். சம்பளம் குர்கான்லதான் நல்லா ஜாஸ்தி. வீட்ல சொன்னதும் அம்மா கேட்டது ஒரே கேள்வி. "ஏட்டி, அது டெல்லி பக்கம்லா?" அதுக்கப்புறம் ராத்திரி சாப்பாடு வரைக்கும் யாரும் அதப் பத்தி பேசல. 2012 டிசம்பர் 16 டெல்லி பஸ்ல அந்த நிர்பயா சம்பவம் நடந்தப்ப நான் ஸ்கூல்ல படிச்சிட்டு இருந்தேன், அந்த வாரம் பூரா அம்மா டிவி முன்னாடியே இருந்தாங்க. அவங்களுக்கு டெல்லின்னா இன்னைக்கும் அந்த பஸ்தான். அந்த பயம் நியாயமான பயம்.

ஜனவரி 10, வெள்ளி

சித்தப்பா ஃபேமிலி க்ரூப்ல ஒரு நியூஸ் போட்டாங்க. 2022-ல டெல்லில மட்டும் பெண்களுக்கு எதிரா 14,158 கேஸ், பெருநகரங்கள்லயே அதிகம்னு. கூடவே "புனே சேஃப்மா, அங்க போ"ன்னு மெசேஜ். என்சிஆர்பி (தேசிய குற்ற ஆவணக் காப்பகம்) கணக்குல புனே பத்தி சொன்னதும் ஒரு வகைல நிஜந்தான். 2022-ல எல்லா வகைக் குற்றமும் சேத்து லட்சம் பேருக்கு ஆகக் கம்மி கொல்கத்தாவுல, 86.5 கேஸ், அடுத்து புனே 280.7, அதுக்கடுத்து ஹைதராபாத் 299.2.

அதே சாயங்காலம் இன்னொரு வீடியோ சுத்துது. ஜனவரி 7, புனே எரவாடால ஒரு ஆபீஸ் பார்க்கிங். கூட வேலை பாத்தவனே ஒரு பொண்ண வெட்டிட்டான், சுத்தி அத்தன பேர் நின்னு பாத்துட்டு இருக்காங்க. அந்தப் பொண்ணுக்கு 28 வயசு. நான் வீடியோவ முழுசா பாக்கல, பாக்கவும் முடியல. சித்தப்பா அதுக்கப்புறம் க்ரூப்ல எதுவும் போடல.

ஜனவரி 12, ஞாயிறு

இன்னைக்கு பூரா அந்த என்சிஆர்பி ரிப்போர்ட்டோட உக்காந்தேன். இத எல்லாரும் ஒரு தடவையாவது தொறந்து பாக்கணும், ஏன்னா வாட்ஸாப்ல வர்றதுக்கும் உள்ள இருக்கறதுக்கும் நெறைய தூரம்.

முதல்ல, நகரங்கள் லிஸ்ட்ல 20 லட்சத்துக்கு மேல ஜனத்தொகை உள்ள 19 ஊருதான். டெல்லி இருக்கு, காசியாபாத் இருக்கு, நம்ம சென்னை, கோயம்புத்தூர் இருக்கு. குர்கான் இல்ல, நொய்டா இல்ல. எனக்கு வேலை குடுக்கற ஊரு அந்த டேபிள்லயே இல்ல, டெல்லி நம்பர வச்சு வீட்ல சண்ட. இருக்கற ஊருக்கும் ரேட் போடறது 2011 சென்சஸ் ஜனத்தொகைய வச்சு, அதுக்கப்புறம் எவ்வளவு பேர் வந்து குடியேறியிருப்பாங்க.

அடுத்து, பெண்களுக்கு எதிரான குற்றம்னா நாம தெருவுல, இருட்டுலன்னு நெனைக்கிறோம். 2022-ல நாடு பூரா பதிவான 4,45,256 கேஸ்ல பெரிய பங்கு, 31.4 சதவீதம், புருஷன், புருஷன் வீட்டு ஆளுங்க பண்ற கொடும. அது என் ஷிப்டுக்கும் குர்கான் ரோட்டுக்கும் சம்பந்தமே இல்லாத விஷயம், கல்யாணம் பண்ணிக் குடுக்கும்போது யோசிக்க வேண்டிய விஷயம். அத வச்சு யாரும் ஒரு மாப்பிள்ளைய வேண்டாம்னு சொன்னதா நான் கேள்விப்பட்டதில்ல.

அப்புறம் ரிப்போர்ட்லயே சொல்லிருக்காங்க, குற்றம் கூடறது வேற, போலீஸ் பதிவு பண்றது கூடறது வேறன்னு. டெல்லில வண்டி திருட்டுக்கு ஆன்லைன்லயே எஃப்ஐஆர் போடலாம், அதனால கணக்கு ஏறும். ஒரே எஃப்ஐஆர்ல பல குற்றம் இருந்தா பெரிய குற்றத்த மட்டுந்தான் எண்றாங்க. 2020-ல லாக்டவுன் மீறுன கேஸ் லட்சக்கணக்குல 188-வது பிரிவுல (அரசு உத்தரவ மீறுறது) விழுந்துச்சு, அந்த வருஷத்து நம்பர மட்டும் பாக்கறவன் தமிழ்நாட்டப் பத்தி என்ன நெனச்சிருப்பான்.

ஜனவரி 15, புதன், மாட்டுப் பொங்கல்

ஊரு பேருன்னா என்னன்னு திருநெல்வேலிக்காரங்களுக்கு யாரும் சொல்லித் தர வேண்டாம். போன வாரம் சென்னைல ரூம் கேட்டு போன் பண்ணேன், அந்த வீட்டுக்காரம்மா "எந்த ஊரு"ன்னு கேட்டாங்க, பாளையங்கோட்டைன்னேன், "அய்யோ, உங்க பக்கம் எப்பவும் வெட்டு குத்துல்ல"ன்னாங்க. அவங்க சொன்னதுலயும் உண்ம இருக்கு. டிசம்பர் 20-ம் தேதி நம்ம கோர்ட் வாசல்லயே பட்டப்பகல்ல ஒருத்தர வெட்டிக் கொன்னாங்க, பழிக்குப் பழி. அன்னைக்கு அந்த ரோட்ட தாண்டித்தான் நான் மார்க்கெட்டுக்குப் போய்ட்டு வந்தேன், அடுத்த நாளும் போனேன். எனக்கு பயம் வரல, ஏன்னா அந்த அருவா என்னத் தேடி வராது. ஆனா நாங்குநேரில 2023 ஆகஸ்ட்ல கூடப் படிச்ச பசங்களே வீட்டுக்குள்ள பூந்து ஒரு பையன வெட்டுனாங்களே, சாதி வெறி, அந்தப் பையனுக்கும் எனக்கும் ஒரே மாவட்டந்தான். அவனுக்கு இந்த ஊரு எப்படின்னு என்னைக் கேட்டா எனக்கு என்ன தெரியும்? ஒரு ஊரு யாருக்கு, எந்த நேரத்துல, எந்த ரோட்டுல பாதுகாப்புன்னுதான் கேக்கணும்னு எனக்கு இப்போ நல்லா புரியுது.

ஜனவரி 20, திங்கள்

கொல்கத்தா ஆர்.ஜி. கர் ஆஸ்பத்திரி டாக்டர் கொலை கேஸ்ல இன்னைக்கு சியால்டா கோர்ட்ல ஆயுள் தண்டன குடுத்துட்டாங்க. தொடர்ந்து மூணு வருஷம் நாட்டுலயே பாதுகாப்பான நகரம்னு வந்த கொல்கத்தா அது. நைட் டூட்டில இருந்த டாக்டர், ஆஸ்பத்திரிக்குள்ள, செமினார் ரூம்ல கொஞ்சம் கண்ணசந்த நேரம். கேட்டுக்கு உள்ளயே நடந்திருக்கு. எரவாடா பார்க்கிங்கும் அப்படித்தான். ஊர விசாரிக்கிற அளவுக்கு கட்டடத்த விசாரிக்கணும்.

ஜனவரி 28, செவ்வாய்

மூணு ஹெச்ஆருக்கும் ஒரே மெயில் அனுப்பிட்டேன். ஆபீஸ் கேப் (வண்டி) வீட்டு வாசல் வரைக்குமா, மெயின் ரோடு வரைக்குமா. கடைசியா இறங்கறது பொண்ணா இருந்தா கூட செக்யூரிட்டி வருவாரா. புகார் குடுக்க உள் குழு இருக்கா, அதுல யார் யாரு (பத்து பேரோ அதுக்கு மேலயோ வேலை செய்யற எடத்துல 2013 சட்டப்படி இருந்தே ஆகணும்). கேப் விஷயம் நான் கெளப்புனது சும்மா இல்ல, 2005-ல பெங்களூருல, 2007-ல புனேல, நைட் ஷிப்ட் பொண்ணுங்கள கூப்பிட வந்த டிரைவருங்களே கொன்னிருக்காங்க. புனே கேஸ் போன டிசம்பர் வரைக்கும் சுப்ரீம் கோர்ட்ல இழுத்துச்சு.

சென்னை ஆபீஸ் பதில்: மெயின் ரோடு டிராப், உள்ள தெருவுக்கு வண்டி வராது. விடியக்காலம் மூணரைக்கு மேல ஓஎம்ஆர் சர்வீஸ் ரோட்டுல இருந்து நான் நடக்கணும். புனேகாரங்க "பாலிசி இருக்கு, ஜாயின் பண்ணப்புறம் சொல்றோம்"னாங்க. குர்கான்காரங்க நாலு பக்க டாக்குமெண்ட்டே அனுப்பிட்டாங்க.

நம்பலாமான்னு அங்க வேலை பாக்கற காலேஜ் சீனியர் அக்காவ கேட்டேன். கடைசி டிராப் இவங்கன்னா செக்யூரிட்டி கார்ட் முன் சீட்ல உக்காந்து வர்றாராம். பிஜி (தங்கற ஹாஸ்டல்) வாசல்ல இறங்கி, உள்ள போய், ஜன்னல்ல இருந்து கை காட்டுற வரைக்கும் வண்டி நிக்கும். அஞ்சு நிமிஷத்துல டிரான்ஸ்போர்ட் டெஸ்க்ல இருந்து கால், எடுக்கலன்னா மறுபடி கால், அதுக்கும் எடுக்கலன்னா கார்ட் திரும்பி வந்து கதவத் தட்டுவாராம். அதே அக்கா இதையும் சொன்னாங்க, லீவு நாள்ல ராத்திரி ஒம்போதுக்கு மேல ஷேர் ஆட்டோல ஏறவே மாட்டாங்களாம், மெட்ரோல முதல் பெட்டி லேடீஸ் கோச், அதுலதான் போவாங்களாம்.

பிப்ரவரி 8, சனி

"சென்னையே போயிரேன், நம்ம ஊரு மாதிரி"ன்னு அப்பா ரெண்டு நாளா கெஞ்சிட்டு இருந்தாங்க. இன்னைக்கு பேப்பர்ல அந்த நாலு மாச கர்ப்பிணி நியூஸ். கோயம்புத்தூர்ல இருந்து திருப்பதி போற இன்டர்சிட்டி, லேடீஸ் கோச், கே.வி.குப்பம் பக்கத்துல ஓடற ரயில்ல இருந்து தள்ளி விட்டிருக்கான். ரயில்ல நடந்தது ரயில்வே போலீஸ் கணக்கு, கோயம்புத்தூர் நம்பர்லயும் ஏறாது. நுங்கம்பாக்கம் ஸ்டேஷன்ல 2016 ஜூன் 24 காலைல நடந்த சுவாதி கொலைய அப்பாவுக்கு நான் ஞாபகப்படுத்தல, அவங்களே சொன்னாங்க. ஸ்டேஷன்ல கேமரா கூட இல்லாம இருந்துச்சேன்னாங்க. அப்புறம் அந்த நாலு பக்கத்த கண்ணாடி போட்டு முழுசா படிச்சாங்க, கார்ட் பத்தி வர்ற வரிய பேனாவால கோடு போட்டாங்க.

பிப்ரவரி 13, வியாழன்

குர்கான் ஆஃபர்ல கையெழுத்து போட்டாச்சு, மார்ச் 3 ஜாயினிங். அம்மாவுக்கு இன்னும் மனசு ஒப்பல, ஒப்பணும்னு நான் வற்புறுத்தவும் இல்ல. பிஜி டிஎல்எஃப் ஃபேஸ் 3-ல, சீனியர் அக்கா இருக்கற அதே பில்டிங், கீழ வார்டன் இருக்காங்க. அம்மா, அப்பா ரெண்டு பேரும் கூட வர்றாங்க, பிஜி, ஆபீஸ் கேட், அந்த டிரான்ஸ்போர்ட் டெஸ்க் எல்லாத்தையும் நேர்ல பாத்துட்டுதான் திரும்புவாங்களாம். திருக்குறள் எக்ஸ்பிரஸ்ல எனக்கும் அம்மாவுக்கும் கன்ஃபர்ம் ஆயிருச்சு, அப்பாவுக்கு இன்னும் வெயிட்டிங் லிஸ்ட், ஆகலன்னா கெளம்பறதுக்கு முந்தின நாள் தட்கல் பாக்கணும்.