ஒரு வேலை அனுமதிக் கார்டு, நாலு ஆட்சி

2012ல் கல்யாணமாகி நியூஜெர்சி எடிசனுக்கு வந்தபோது என்னிடம் இருந்தது எச்-4 விசா, அதாவது எச்-1பி வேலை விசாவில் இருப்பவரின் கணவன் அல்லது மனைவிக்குத் தருவது. கணவரோடு தங்கலாம், படிக்கலாம், கார் ஓட்டலாம். சம்பாதிக்க மட்டும் கூடாது. ஈரோட்டில் ஒரு ஆடிட்டர் ஆபீஸில் ஆறு வருஷம் கணக்குப் பார்த்தவள் நான். இங்கே மூன்று வருஷம், கோயில் உண்டியல் எண்ண உதவியதோடு சரி.

2015 மே 26ஆம் தேதி ஒபாமா நிர்வாகத்தின் விதி நடைமுறைக்கு வந்தது. எச்-1பியில் இருப்பவருக்கு ஐ-140, அதாவது கிரீன் கார்டுக்காக முதலாளி போடும் மனு, ஒப்புதல் ஆகியிருந்தால், அவருடைய கணவனோ மனைவியோ வேலை அனுமதி கேட்கலாம். வேலை வழியான கிரீன் கார்டு வருஷத்துக்குச் சுமார் 1,40,000தான். அதில் ஒரு நாட்டுக்கு 7 சதவீதத்துக்கு மேல் பொதுவாகக் கிடையாது. அதனால் இந்தியர்களின் வரிசை வருஷக்கணக்கில் நீள்கிறது. அந்தக் காத்திருப்புக்குத்தான் இந்த அனுமதி ஒரு ஆறுதல். ஆனால் இது நாடாளுமன்றம் போட்ட சட்டம் அல்ல, நிர்வாகம் போட்ட விதி. அடுத்து வருகிறவர் நினைத்தால் எடுத்துவிடலாம்.

வேலை அனுமதி கேட்கும் ஐ-765 படிவம் போட்டேன். அந்த வருஷக் கடைசிக்குள் கார்டு வந்தது. என் போட்டோவுக்குப் பக்கத்தில் எச்-4 வகைக்கான குறியீடு 'சி26' என்று அச்சிட்டிருந்தது. ஒரு சின்ன கணக்கு நிறுவனத்தில் வேலை கிடைத்தது. முதல் சம்பளத்தில் அம்மாவுக்குப் பணம் அனுப்பினேன்.

டிரம்ப் வந்ததும் எல்லாருக்கும் ஒரே பேச்சு: 'எச்-4 வேலை அனுமதி போகப் போகிறது.' 2017 கடைசியில் நிர்வாகமே அதை ரத்து செய்யும் திட்டத்தை அறிவித்தது. 2019ல் வரைவு வெள்ளை மாளிகையின் பட்ஜெட் அலுவலகம் வரை போனது. தினமும் அந்தச் செய்தியையே தேடிக்கொண்டிருந்தேன். கடைசிவரை அந்த ரத்து வரவே இல்லை.

வந்தது வேறு. 2019 மார்ச்சில், எச்-4ஐ நீட்டிக்கப் போடும் ஐ-539 படிவத்தில் ஒரு மாற்றம்: எச்-4 நீட்டிப்பு கேட்கும் ஒவ்வொருவரும் நேரில் போய்க் கைரேகை வைக்க வேண்டும், அதற்கு 85 டாலர். படித்தபோது பெரிதாகத் தோன்றவில்லை. என் வேலையைப் பறித்தது அதுதான்.

என் கார்டு 2020 அக்டோபரில் முடிந்தது. மே மாதமே விண்ணப்பித்துவிட்டேன். கணவரின் நீட்டிப்பு, சீக்கிரம் முடிக்கக் கூடுதலாகக் கட்டும் பிரீமியம் கட்டணத்தில், இரண்டு வாரத்தில் ஆகிவிட்டது. முன்பெல்லாம் கூடவே மனைவியுடையதும் முடிந்துவிடும். இப்போது கைரேகை இல்லாமல் என் கோப்பு நகராது. கொரோனாவால் கைரேகை மையங்களோ மூடிக் கிடந்து மெல்லத் திறந்துகொண்டிருந்தன. கார்டு முடிந்த அன்று லேப்டாப்பைத் திருப்பிக் கொடுத்தேன். ஓட்டுநர் உரிமமும் எச்-4 தேதியோடு கட்டப்பட்டது, அதுவும் போனது. மகளைப் பல் டாக்டரிடம் கூட்டிப்போகப் பக்கத்து வீட்டு அக்காவைக் கேட்க வேண்டிய நிலை.

டிசம்பரில்தான் கைரேகைக்கு அழைத்தார்கள். பாத்திரம் தேய்த்துத் தேய்த்து என் வலது கட்டைவிரலில் ரேகை மங்கியிருந்தது. அங்கிருந்த பெண்மணி ஈரத் துணியால் விரலைத் துடைத்து, கண்ணாடி மேல் வைத்து அழுத்தி, நாலாவது தடவையில் பதித்தார். எல்லாம் சேர்ந்து பத்து நிமிஷம். அந்தப் பத்து நிமிஷத்துக்குத்தான் ஏழு மாதம் காத்திருந்தேன்.

2021 ஜனவரியில் பைடன் பதவியேற்ற சில நாளிலேயே ரத்துத் திட்டம் திரும்பப் பெறப்பட்டது. மே 17 முதல் எச்-4க்குக் கைரேகையும் நிறுத்தப்பட்டது. அந்த மாதமே என் கார்டு வந்தது. பழைய இடத்தில் வேறு ஆள் இருந்ததால் புது வேலை தேடினேன். 2023 ஜனவரியில் ஒரு வழக்கில் நிர்வாகம் உடன்பாட்டுக்கு வந்தது: கணவன், மனைவி விண்ணப்பங்களைச் சேர்த்துப் போட்டால் சேர்த்தே பார்க்க வேண்டும். அந்த வருஷம் எனக்கு எல்லாம் மூன்று வாரத்தில் முடிந்தது.

அந்த உடன்பாட்டுக்கு இரண்டு வருஷம்தான் ஆயுள். 2025 ஜனவரியில் முடிந்துவிட்டது. அதே மாதம் டிரம்ப் மறுபடி வந்தார். அக்டோபரில், 2015 விதிக்கு எதிரான வழக்கை ஏற்க உச்ச நீதிமன்றம் மறுத்தபோது நிம்மதியாக இருந்தது. ஆனால் அதே மாதம் 30ஆம் தேதியிலிருந்து போடும் புதுப்பிப்பு விண்ணப்பங்களுக்கு, முடிவு வரும்வரை வேலையைத் தொடர 2020க்குப் பிறகு எச்-4க்கும் தானாகக் கிடைத்துவந்த 540 நாள் வரையிலான நீட்டிப்பை எடுத்துவிட்டார்கள். மறுபடியும் பெரிய விதி அப்படியே இருக்கிறது, அடியில் இருந்த பலகையை உருவிவிட்டார்கள்.

அதனால் தலைப்புச் செய்தியை மட்டும் பார்க்காதீர்கள். படிவத்தின் வழிமுறைப் பக்கத்தை மாதம் ஒருமுறை படியுங்கள். முடியும் தேதிக்கு 180 நாள் முன்பே புதுப்பிக்கப் போடலாம், ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாதீர்கள். உரிமம் முடியும் தேதியைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். அப்புறம், முதலாளியிடம் ஆறு மாதம் முன்பே பேசிவிடுங்கள். சம்பளமில்லா விடுப்பாவது கேட்டு வாங்கலாம். 2020ல் எனக்கு அது தோன்றவில்லை.

என் கார்டு 2026 அக்டோபரில் முடிகிறது. கணவரின் மூன்று மாதச் சம்பள ரசீது, கல்யாணப் பதிவுச் சான்றிதழ், இரண்டு போட்டோ எல்லாம் ஒரு கவரில் போட்டு பீரோவில் வைத்திருக்கிறேன். ஏப்ரலில் அனுப்ப வேண்டும்.