41 இசைத்தட்டுகளும் குன்னூர் ஈரமும்

அக்டோபர் 6

பெரியம்மா வீட்டுப் பரணில் கிடந்த தகரப் பெட்டியை இன்று இறக்கினேன். உள்ளே 41 எல்பி தட்டுகள், அதோடு சின்ன 45 சுற்றுத் தட்டுகள் ஆறு. முக்கால்வாசி சேர்ந்திசைதான். கேம்பிரிட்ஜ் கிங்ஸ் காலேஜ் கொயரின் (பாடகர் குழு) கேரல் ஆராதனை, ஹாண்டலின் மெசையா, பாக்கின் கிறிஸ்துமஸ் ஆரட்டோரியோ (பைபிள் கதையைப் பாட்டாகச் சொல்லும் நீண்ட இசைப் படைப்பு), சிறுவர் கொயர்கள் பாடிய கிறிஸ்துமஸ் ஆல்பங்கள் ஏழெட்டு. பெரியம்மா நர்ஸாக இருந்த ஆஸ்பத்திரியின் மேட்ரன் எழுபதுகளில் தன் ஊருக்குத் திரும்பியபோது, "நீதான் உட்கார்ந்து கேட்பாய்" என்று கொடுத்துவிட்டுப் போனவை. பிளேயர் ரிப்பேராகி இருபது வருஷத்துக்கு மேலாகிறது. பெட்டியைத் திறக்கவே ஆள் இல்லை.

கிங்ஸ் காலேஜ் தட்டை உறையிலிருந்து உருவினால், கறுப்புத் தட்டு முழுக்க வெள்ளை வெள்ளையாகப் பூஞ்சை. குன்னூரில் இருப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஊட்டியை ஆடி மழை நனைக்கும். எங்களுக்கும் கோத்தகிரிக்கும் ஐப்பசி, கார்த்திகைதான் அடைமழை. பள்ளத்தாக்கிலிருந்து மேகம் ஏறி ஜன்னல் வழியாக வீட்டுக்குள்ளேயே வந்துவிடும். தோல் செருப்பு, பெல்ட், கேமரா லென்ஸ், கல்யாண ஆல்பம் எதையும் பூஞ்சை விட்டுவைக்காது.

பெரியம்மாவுக்கு 84 வயது. சர்ச் கொயரில் முப்பது வருஷம் ஆல்டோ (உச்சக் குரலுக்கு அடுத்த கீழ்க் குரல்) பாடியவர். டிசம்பர் 24க்குள் கிறிஸ்துமஸ் தட்டுகளையாவது கம்ப்யூட்டரில் ஏற்றி அவர் காதில் போட்டுவிட வேண்டும். இந்தக் குறிப்புகள் அதற்காகத்தான். மலையில் பழைய தட்டு வைத்திருக்கும் வேறு யாருக்காவது உதவலாம்.

அக்டோபர் 13

ஒரு வாரம் கழுவுவதிலேயே போனது.

வினைல் பிளாஸ்டிக்கைப் பூஞ்சை தின்பதில்லை. தட்டில் ஒட்டியிருக்கும் விரல் ரேகை, தூசி, காகித உறை இவைதான் அதற்குத் தீனி. அதனால் உள் உறைகளை முதலில் தூக்கிப் போட்டேன். அட்டையைத் துடைத்து வைத்துக்கொண்டேன். உலர்ந்த பூஞ்சையை வீட்டுக்குள் தட்டக் கூடாது. மாஸ்க் போட்டுக்கொண்டு வாசலில் உட்கார்ந்து மெல்லிய பிரஷ்ஷால் தள்ளினேன்.

பிறகு ஈரக் கழுவல். ஐசோபுரொபைல் ஆல்கஹால் ஒரு பங்கு, டிஸ்டில்டு வாட்டர் நான்கு பங்கு, பாத்திரம் கழுவும் திரவம் இரண்டே சொட்டு. பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டரே போதும். லேபிள் நனையாமலிருக்க இரண்டு பக்கமும் பிளாஸ்டிக் டப்பா மூடியை அழுத்திப் பிடித்துக்கொண்டு, மைக்ரோஃபைபர் துணியால் தடத்தின் போக்கிலேயே வட்டமாகத் துடைக்க வேண்டும். குறுக்கே இழுத்தால் அழுக்கு தடத்துக்குள் இறங்கிவிடும். கடைசியில் வெறும் டிஸ்டில்டு வாட்டரில் ஒரு அலசல்.

78 சுற்றுத் தட்டு வைத்திருப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: இந்தக் கலவையைத் தொடவே தொடாதீர்கள். அவை அரக்கில் செய்தவை. ஆல்கஹால் பட்டால் கரைந்து தட்டே போய்விடும்.

கழுவியது பெரிய வேலை இல்லை, காய வைத்ததுதான் பெரிய வேலை. பாத்திரம் அடுக்கும் ஸ்டாண்டில் செங்குத்தாக நிறுத்தியிருந்த தட்டுகள் மறுநாள் காலையிலும் ஈரமாகவே இருந்தன. இங்கே பீரோவுக்குள் பல்ப் எரியவிட்டுத் துணியைக் காப்பாற்றுவோமே, அந்த யோசனை வந்தது. நல்ல வேளை செய்யவில்லை. சூடு பட்டால் வினைல் வளைந்துவிடும். ஹீட்டரும் அப்படித்தான். குன்னூர் வீட்டில் ஃபேன் ஏது? மேட்டுப்பாளையத்தில் இருக்கும் சித்தப்பா வீட்டிலிருந்து ஒரு டேபிள் ஃபேனை பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவந்தேன். மூன்று மணி நேரத்தில் காய்ந்துவிடுகிறது. புதிய பிளாஸ்டிக் உள் உறை, பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலங்கள். இதுவரை 14 தட்டு முடிந்தது.

அக்டோபர் 27

கோயம்புத்தூரில் பழைய பெல்ட் டிரைவ் டர்ன்டேபிள் ஒன்று கிடைத்தது. முதல் நாள் அவசரத்தில் நேராக லேப்டாப்பில் சொருகிவிட்டேன். ஆர்கன் சத்தம் தகர டப்பாவுக்குள்ளிருந்து வருவதுபோல ஒல்லியாக இருந்தது. தட்டு வெட்டும்போது கீழ்ச்சத்தத்தைக் குறைத்தும் மேல்சத்தத்தைக் கூட்டியும்தான் வெட்டுகிறார்கள். கீழ்ச்சத்தத்தை அப்படியே விட்டால் தடம் அகலமாக ஆடி, பக்கத்துத் தடத்தில் போய் இடிக்கும். மேல்சத்தத்தைக் கூட்டிவைத்தால், கேட்கும்போது அதைக் குறைக்கையில் ஊசி உரசும் இரைச்சலும் சேர்ந்து குறைந்துவிடும். 1954 முதல் இதற்கு ஆர்ஐஏஏ என்ற பொது அளவு இருக்கிறது. அதைத் தலைகீழாக்கித் தருவதுதான் ஃபோனோ ப்ரீஆம்ப். அதை வாங்கி நடுவில் வைத்ததும் ஆர்கனுக்கு உடம்பு வந்தது.

இன்னொரு கோளாறைக் கண்டுபிடித்தவர் பெரியம்மா. காலையில் ஒரு தட்டைப் போட்டேன். இரண்டு வரிதான் கேட்டிருப்பார். "சுருதி இறங்கியிருக்கு கண்ணு" என்றார். எனக்குத் தெரியவில்லை. சோதிக்க ஒரு வழி உண்டு. விளிம்பில் 180 கோடு போட்ட வட்டக் காகிதத்தைத் தட்டின் மேல் வைத்து, பழைய சோக் வைத்த டியூப் லைட் வெளிச்சத்தில் சுற்றவிட வேண்டும். நம் கரண்ட் 50 ஹெர்ட்ஸ், அதனால் டியூப் விநாடிக்கு 100 முறை மினுக்கும். நிமிஷத்துக்குச் சரியாக 33⅓ சுற்று என்றால் கோடுகள் அசையாமல் நிற்கும். என் கோடுகள் பின்னால் ஊர்ந்துகொண்டிருந்தன. குளிரில் அச்சில் இருக்கும் எண்ணெய் கெட்டியாகி, முதல் கால் மணி நேரம் மெதுவாகச் சுற்றுகிறது. இப்போது இருபது நிமிஷம் வெறுமனே ஓடவிட்ட பிறகுதான் பதிவைத் தொடங்குகிறேன்.

நவம்பர் 10

மெசையா. மூன்று எல்பி கொண்ட செட். முதல் தட்டின் இரண்டு பக்கத்தையும் பதிந்துவிட்டு ஓடவிட்டால், தீர்க்கதரிசனம் முடிந்த கையோடு கடைசி ஆமென் வந்து நிற்கிறது. ஏதோ பக்கமே விட்டுப்போன மாதிரி இருந்தது. லேபிளை உற்றுப் பார்த்தபோதுதான் புரிந்தது: முதல் தட்டில் பக்கம் 1, 6, இரண்டாவதில் 2, 5, மூன்றாவதில் 3, 4. தட்டுகளை அடுக்கிவைத்தால் தானே ஒன்றன்பின் ஒன்றாகப் போடும் சேஞ்சர் இருந்த காலத்து ஏற்பாடு. 1, 2, 3 ஓடி முடிந்ததும் அடுக்கை அப்படியே திருப்பிப் போட்டால் 4, 5, 6. உங்களிடம் இப்படிப் பல தட்டு செட் இருந்தால் லேபிள் எண்ணைப் பார்த்துத்தான் ஃபைலுக்குப் பெயர் வையுங்கள்.

ஹாண்டல் இதை 1741இல் 24 நாளில் எழுதி முடித்தார். 1742 ஏப்ரலில் டப்ளினில் முதலில் பாடப்பட்டது, அதாவது ஈஸ்டருக்கு முந்தைய தபசு காலத்தில். கிறிஸ்து பிறப்பு முதல் பாகத்தில் மட்டுமே வருகிறது. எல்லோரும் எழுந்து நிற்கும் அல்லேலூயா இரண்டாம் பாகத்தின் முடிவு. அதனால் பெரியம்மாவுக்கு டிசம்பரில் முதல் பாகம் மட்டும் போதும் என்று முடிவு செய்தேன். மற்றது தபசு காலத்துக்கு.

நவம்பர் 24

இந்த மாதம் நான் கற்றுக்கொண்டதில் பெரியது இதுதான்: சேர்ந்திசைத் தட்டு மற்றத் தட்டு மாதிரி இல்லை.

கிங்ஸ் காலேஜ் கேரல் ஆராதனை 1918இல் தொடங்கியது. 1919 முதல் ஒவ்வொரு வருஷமும் ஒரே பாட்டில்தான் ஆரம்பம். நம் பாமாலைப் புத்தகத்தில் 'ராஜன் தாவீதூரிலுள்ள' என்று பாடுகிறோமே, அதேதான். முதல் சரணத்தை ஒரே ஒரு பையன், எந்த வாத்தியமும் இல்லாமல், தனியாகப் பாடுவான். யார் பாடப் போகிறான் என்பது அந்த நிமிஷம் வரை அவனுக்கே தெரியாது. அடுத்த சரணம் கொயர். அப்புறம்தான் ஆர்கனும் சபையும் சேர்கின்றன. ஆராதனை முடிவில் மொத்தக் கூட்டமும் பாட, மேலே சோப்ரானோக்கள் (உச்சக் குரல்காரர்கள்) தனி மெட்டில் பறப்பார்கள். அந்த மேல்மெட்டுகளில் புகழ்பெற்றவை 1957 முதல் 1974 வரை கொயரை நடத்திய டேவிட் வில்காக்ஸ் எழுதியவை.

அதாவது மிக மெல்லிய சத்தம் தட்டின் வெளி ஓரத்தில் இருக்கிறது, மிகப் பெரிய சத்தம் லேபிளுக்குப் பக்கத்தில். இரண்டு இடத்திலும் சிக்கல்.

எல்பி ஒரு சுற்றுச் சுற்ற 1.8 விநாடி. வெளி ஓரத்தில் அந்த 1.8 விநாடி இசைக்குச் சுமார் 92 செ.மீ. நீளத் தடம் கிடைக்கிறது. உள்ளே லேபிள் அருகில் அதே 1.8 விநாடியை 38 செ.மீ.க்குள் நெருக்க வேண்டும். நூறு பேர் சேர்ந்து 'ஸ்' என்று உச்சரிக்கும் இடமெல்லாம் அங்கே கரகரக்கிறது. உருண்டை முனை ஊசியை மாற்றி நீள்வட்ட முனை ஊசி போட்டேன். ஊசி அழுத்தத்தை நகைக்கடைத் தராசு மாதிரி ஒரு குட்டித் தராசில் 1.8 கிராமுக்கு வைத்தேன். காகித அளவுகோலை வைத்து, ஊசியைத் தாங்கும் கார்ட்ரிட்ஜின் கோணத்தைத் திருத்தினேன். கரகரப்பு முழுக்கப் போகவில்லை, ஆனால் வார்த்தை புரிகிறது. பதிவு அளவையும் இந்தக் கடைசிப் பாட்டைப் போட்டுப் பார்த்துத்தான் வைக்க வேண்டும், உச்சம் மைனஸ் 6 டெசிபலைத் தாண்டாமல். தொடக்கத்தைப் பார்த்து வைத்தால் முடிவு வெடித்துவிடும்.

வெளி ஓரத்துச் சிக்கல் வேறு. விரல் படுவது அங்கே, பூஞ்சை முதலில் ஏறுவதும் அங்கே. தனிக் குரலுக்குப் பின்னால் ஒவ்வொரு டிக்கும் ஆணி அடித்த மாதிரி கேட்டது. ஆடாசிட்டி என்ற ஒலித் திருத்த மென்பொருளில் இரைச்சல் நீக்கும் வசதி இருக்கிறது. பாட்டு தொடங்கும் முன் ஓடும் வெறும் தடத்தைக் காட்டினால், அந்த இரைச்சலைத் தெரிந்துகொண்டு முழுவதிலிருந்தும் கழிக்கும். 12 டெசிபல் கொடுத்தேன். இரைச்சல் சுத்தமாக ஓய்ந்தது. எனக்கு ஒரே சந்தோஷம்.

பெரியம்மா ஹெட்ஃபோனைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். "பையன் நல்லாத்தான் பாடறான். கோயில் எங்க போச்சு?"

திரும்பக் கேட்டேன். அவர் சொன்னது சரி. 1515இல் முடிந்த கட்டடம் அந்தக் கிங்ஸ் காலேஜ் கோயில். 80 அடி உயரத்தில் விசிறி விசிறியாக விரியும் கல் கூரை. குரல் நின்ற பிறகும் அதன் மிச்சம் மேலே போய்ச் சுற்றித் தேய்ந்து இறங்கும். அந்தத் தேய்மானத்தையும் கம்ப்யூட்டர் இரைச்சல் என்று எண்ணிக் கழித்துவிட்டது. மிச்சமிருந்த கொஞ்சம் தண்ணீருக்குள் பாடியதுபோலக் குழறியது. நம் மலைச் சர்ச்சுகளில் மரக் கூரை. ஊட்டி செயின்ட் ஸ்டீபன்ஸ் ஆலயத்தின் உத்தரங்கள் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்பு சுல்தான் அரண்மனையிலிருந்து வந்தவை. மரம் சத்தத்தைக் குடித்துவிடும். பெரியம்மா இதை எந்தக் கணக்கும் இல்லாமல் சொன்னார்: "நாங்க இங்க பாடி முடிச்சா முடிஞ்சதுதான் கண்ணு. அவங்களுக்குப் பாட்டு முடிஞ்ச பிறகும் கொஞ்ச நேரம் இருக்கும்."

அந்தப் பதிவை அழித்துவிட்டேன்.

டிசம்பர் 8

தட்டை மறுபடி இரண்டு முறை கழுவினேன். அதிலேயே பாதி டிக் போனது. மீதியை ஒவ்வொன்றாகக் கையால் எடுக்கிறேன். அலைக்கோட்டைப் பெரிதாக்கினால் டிக் ஒரு முள் மாதிரி குத்திக்கொண்டு நிற்கும். அதை மட்டும் தேர்ந்தெடுத்து 'ரிப்பேர்' கொடுக்க வேண்டும். ஒரு தடவைக்கு 128 சாம்பிள் வரைதான் அது சரிசெய்யும். நான் 96 கிலோஹெர்ட்ஸில் பதிவதால் அது ஒரு விநாடியில் எழுநூற்று ஐம்பதில் ஒரு பங்குதான். அந்த முள்ளைத் தவிர வேறெதையும் தொடாது, அதனால் எனக்குப் பிடித்திருக்கிறது. முதல் சரணத்துக்கு மட்டும் மூன்று ராத்திரி ஆனது. மெல்லிய 'உஸ்' சத்தத்தை அப்படியே விட்டுவிட்டேன். 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸ் என்றால் நிமிஷத்துக்குச் சுமார் 35 எம்பி. இடம் பற்றிக் கவலைப்படுபவர்கள் எஃப்எல்ஏசி (FLAC) ஃபைலாக ஆக்கினால் ஏறத்தாழ பாதியாகும், தரம் குறையாது.

அட்டையைத் துடைக்கும்போது உள்ளே மடித்த தாள் ஒன்று கிடைத்தது. பெரியம்மாவின் கையெழுத்தில் சோல்ஃபா (எழுத்துகளால் எழுதும் மேல்நாட்டு ஸ்வரக் குறிப்பு), புள்ளியும் கோடுமாக. தட்டைத் திரும்பத் திரும்பப் போட்டு ஆல்டோ வரியைக் காதாலேயே பிடித்து எழுதியிருக்கிறார். இரண்டு இடத்தில் பென்சிலால் 'மூச்சு' என்று குறிப்பு.

டிசம்பர் 19

கேட்டார். முதல் சரணம் தொடங்கும் முன் பையன் மூச்சு இழுப்பது இப்போது தெரிகிறது. அவன் பாடும்போது பெரியம்மா கண்ணை மூடிக்கொண்டு அசையாமல் இருந்தார். கொயர் சேர்ந்ததும் அவர் உதடு தமிழ் வார்த்தையில் அசைந்தது, மெட்டு சோப்ரானோவுடையது இல்லை. தாளில் 'மூச்சு' என்று குறித்திருந்த இடத்தில் சரியாக மூச்சு எடுத்தார்.

24ஆம் தேதி கிங்ஸ் காலேஜ் ஆராதனை அங்கே மாலை மூன்று மணிக்கு, நமக்கு இரவு எட்டரை. நெட் நின்றுவிட்டால் தட்டு இருக்கிறது.

கணக்கு: 41இல் 26 கழுவியாயிற்று, 19 பதிந்தாயிற்று. பாக்கின் கிறிஸ்துமஸ் ஆரட்டோரியோவைப் பண்டிகைக்குள் முடிக்க முடியாது என்று வருத்தமாக இருந்தது. ஆனால் 1734இல் அவர் அதை ஒரே நாளுக்கு எழுதவில்லை. ஆறு பகுதி, ஆறு நாள்: டிசம்பர் 25, 26, 27, புத்தாண்டு, அதற்கடுத்த ஞாயிறு, ஜனவரி 6. அந்தந்த நாளுக்கு அந்தந்தப் பகுதியைத் தயார்செய்தால் போதும். டிம்பனி முழக்கத்தோடு தொடங்கும் முதல் தட்டு இப்போது ஃபேன் முன்னால் காய்ந்துகொண்டிருக்கிறது. வெளியே மேகம். இன்று நான்கு மணி நேரமாவது ஆகும்.