ஆச்சியும் கண்டிஷன் ரிப்போர்ட்டும்

ஓவியத்துக்கெல்லாம்கூட இன்ஷூரன்ஸ் உண்டா என்று ஊருக்குப் போகும்போது யாராவது கேட்பார்கள். உண்டு. பாலிசி, பிரீமியம், க்ளெய்ம் எல்லாம் உண்டு. டெல்லியில் பல வருடங்களாக அதுதான் என் பிழைப்பு. ஒரு படம் சுவரிலிருந்து இறங்கி, பெட்டிக்குள் போய், விமானம் ஏறி, வேறு ஊர்ச் சுவரில் சில மாதம் தொங்கிவிட்டுத் திரும்பப் பழைய ஆணிக்கே வந்து சேரும்வரை காப்பு. 'நெயில் டு நெயில்' என்பார்கள்.

இதில் உயிர்நாடி கண்டிஷன் ரிப்போர்ட். பெட்டி கட்டுவதற்கு முன்னால் ஒன்று, பிரித்த பிறகு ஒன்று. கீறல் எங்கே, நசுங்கல் எங்கே, பெயிண்ட் உரிந்திருக்கிறதா, பூஞ்சை உண்டா. படம் எப்படி இருக்கிறது என்று யாரும் கேட்பதில்லை. கேட்டாலும் அந்த ஃபாரத்தில் எழுத இடம் கிடையாது. இதையே செய்து செய்து, ஓவியர் எம்.எஃப். ஹுசைனின் குதிரையே முன்னால் வந்து நின்றாலும் என் கண் முதலில் ஃபிரேமின் மூலைக்குத்தான் போகும்.

பயிற்சிக்கு ஒரு பையன் வந்திருந்தான். ஆர்.கே.புரத்தில் பிறந்து வளர்ந்த தமிழ்ப் பையன், பாதிப் பேச்சு இந்தி. கேன்வாஸ், காகிதம் எல்லாம் காட்டியாயிற்று, உலோகத்தில் செய்த பெரிய படைப்பு ஒன்றைப் பார்க்கட்டும் என்று சாகேத்துக்குக் கூட்டிப்போனேன். கிரண் நாடார் மியூசியம் இருக்கும் மால் வளாகத்தில் சுபோத் குப்தாவின் 'லைன் ஆஃப் கன்ட்ரோல்' அப்போது நின்றுகொண்டிருந்தது. 2008-இல் செய்தது. சுமார் 10 மீட்டர் உயரம். அணுகுண்டு வெடித்தால் எழும் காளான் மேகத்தின் வடிவம். முழுக்க முழுக்க எவர்சில்வர் பாத்திரங்கள். குப்தா பாட்னாவுக்குப் பக்கத்தில் ககௌல் என்ற ரயில்வே ஊரில் பிறந்தவர். அடுப்படிச் சாமானை வைத்தே தன் படைப்புலகத்தைக் கட்டியவர்.

பெயர் எல்லைக்கோட்டைச் சொல்கிறது, வடிவம் போரைச் சொல்கிறது. எனக்கு மேகம் தெரியவே கொஞ்ச நேரம் பிடித்தது. முதலில் தெரிந்தது தென்காசிப் பாத்திரக்கடை.

அந்தக் கடை வாசலில் ஒருத்தர் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருப்பார், பேர் வெட்டுவதற்கு. சிறு உளியும் சுத்தியும் வைத்து டொக் டொக்கென்று புள்ளி புள்ளியாகத் தட்டுவார். பிறகு கரண்டில் ஓடும் பேனா மாதிரி ஒன்று வந்தது. அது பல்லைக் கூச வைக்கும். இனிஷியல் கேட்பார், தேதி வேண்டுமா என்று கேட்பார், 'ழ'வை மட்டும் எப்போதும் ஒரு மாதிரி கோணலாக வெட்டுவார். அம்மாவின் கல்யாணச் சீரில் வந்த சருவத்திலிருந்து கடைசி டம்ளர்வரை பேர் இருக்கும். பலகாரம் கொடுத்து வாங்கியதில் அத்தை பேர் போட்ட போணி எங்கள் வீட்டிலும், எங்கள் தூக்குச்சட்டி அத்தை வீட்டிலும் வருடக்கணக்கில் கிடக்கும். யாரும் கேட்டுக்கொள்ள மாட்டார்கள். யாருடையது என்பது மட்டும் எல்லோருக்கும் தெரியும். பேர் தேய்ந்துபோனால் நசுங்கல் இருக்கவே இருக்கிறது. மச்சுப்படியில் உருண்ட குடத்தை எந்தக் கூட்டத்திலும் எடுத்துவிடலாம்.

இத்தனை வருடத்தில் இடுப்பில் குடம் வைத்த பெண்கள், கிணற்றடி, திண்ணை என்று எத்தனையோ ஓவியங்களைக் கையுறை போட்டுப் புரட்டிப் பார்த்திருக்கிறேன். ஒன்றும் இப்படிச் செய்ததில்லை. அவை எல்லாம் கிராமத்தை ஞாபகப்படுத்தவே வரையப்பட்டவை; நம்மிடம் எதையோ எதிர்பார்த்து நிற்கும். இங்கே ஏனமே நேரில் வந்து நிற்கிறது. அதே தகடு, விளிம்பில் அதே மடிப்பு, வெயில் பட்டால் கண்ணில் அடிக்கும் அதே வெளிச்சம். குப்தா போரைப் பற்றிப் பேசப்போய் நான் அடுப்படியில் போய் நின்றதில் அவருக்கு வருத்தம் இருக்காது என்றே நினைக்கிறேன்.

"மேடம், ஸ்டீல்தானே? இதுக்கு என்ன ஆகப்போகுது?" என்றான் பையன்.

"உப்பு" என்றேன். யோசிக்காமல் வந்த பதில்.

ஆச்சி எவர்சில்வர் டப்பாவில் உப்புப் போட விடவே மாட்டாள். உப்புக்குப் பீங்கான் ஜாடிதான். "ஏட்டி, ஏனம் புள்ளி விழுந்துபோவும்" என்று கையிலிருந்தே பிடுங்கிவிடுவாள். எவர்சில்வர் துருப்பிடிக்காமல் இருப்பதற்குக் காரணம் அதில் கலந்திருக்கும் குரோமியம். காற்று பட்டதும் மேலே கண்ணுக்குத் தெரியாத ஆக்சைடு படலம் ஒன்றை அது உண்டாக்கிக்கொள்கிறது. உப்பில் இருக்கும் குளோரைடு அந்தப் படலத்தை அங்கங்கே உடைத்துவிடும். உடைந்த இடத்தில் ஊசி குத்தின மாதிரி குழி விழும். எங்கள் ரிப்போர்ட்டில் இதற்கு 'பிட்டிங்' என்று தனிக் கட்டமே இருக்கிறது. விரல் வியர்வையிலும் உப்புதான், அதனால்தான் உலோகச் சிற்பத்தை வெறுங்கையால் தொடாதே என்கிறோம். இதையெல்லாம் பையனுக்கு விளக்கினேன். நாள்பட்ட அரிப்புக்கு வழக்கமாகப் பாலிசியில் பணம் கிடையாது என்பதையும் சேர்த்துச் சொன்னேன். ஆச்சி பேரைச் சொல்லவில்லை. அலுவலகத்தில் அப்புறம் அதையே வைத்து ஓட்டுவார்கள்.

கிளம்புவதற்கு முன் சுற்றி வந்து ஏதாவது ஒரு பாத்திரத்தில் பேர் வெட்டியிருக்கிறதா என்று தேடினேன். நான் பார்த்தவரை இல்லை. எல்லாம் கடையிலிருந்து நேரே வந்தது போல மொழுமொழுவென்று இருந்தன.

அன்று ராத்திரி அம்மாவுக்கு ஃபோன் போட்டேன். நல்ல ஏனமா, கனமா என்று கேட்டாள். கனம்தான் என்றேன். எடைக்குப் போட்டால் எவ்வளவு வரும் என்றாள். இதில் எடைக்கணக்கு கிடையாது, இரு தரப்பும் முன்கூட்டியே ஒப்புக்கொண்ட மதிப்புக்குத்தான் இந்த மாதிரிப் பொருளைக் காப்பீடு செய்வோம் என்று சொன்னதும் கொஞ்சம் ஏமாற்றம். "சரி, பேர் இல்லாம யாரு வீட்டுதுன்னு எப்படித் தெரியும்?" என்றாள். அதற்கென்று தனி ஃபைலே உண்டும்மா, யார் செய்தது, யாரிடமிருந்து யார் வாங்கினார்கள் என்று ரசீதுகளோடு எல்லாம் இருக்கும், அது தொலைந்தால் விலையே பாதியாகக்கூடப் போய்விடும் என்றேன்.

"அடியில வெட்டிப்போட்டா ஃபைல் எதுக்கு?" என்றாள் அம்மா.