ஆஸ்திரேலியா பற்றிய இரண்டு வரிகள்

அமெரிக்கப் பாடகர் சிக்ஸ்டோ ரோட்ரிகஸ் 1979-லும் 1981-லும் ஆஸ்திரேலியாவுக்குப் போய்ப் பாடினார். எங்கள் பத்திரிகை டெஸ்க்கில் அன்று மாலை நடந்த வாக்குவாதம் முழுக்க இந்த ஒரு தகவலைப் பற்றியதுதான். 2023 ஆகஸ்ட், அவர் 81 வயதில் இறந்துபோன செய்தி வந்திருந்த நேரம். அஞ்சலிக் கட்டுரையை எழுதியவர் எங்கள் பிரிவில் இருந்த இளம் உதவி ஆசிரியை. அதைத் திருத்திப் பக்கத்துக்கு அனுப்பும் பொறுப்பு என்னுடையது.

கட்டுரை நன்றாக இருந்தது. அது சுமாராக இருந்திருந்தால் நான் இதை இத்தனை நாள் மனதில் வைத்துக்கொண்டு திரிந்திருக்க மாட்டேன். ரோட்ரிகஸை அந்தப் பெண் உண்மையாகவே நேசித்தாள். டெட்ராய்ட்டில் மெக்சிகோவிலிருந்து வந்து குடியேறிய குடும்பத்தில் ஆறாவது பிள்ளையாகப் பிறந்ததால் சிக்ஸ்டோ என்று பெயர் வைத்ததில் ஆரம்பித்து, மது விடுதியில் கூட்டத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பாடியவரை இசைத் தயாரிப்பாளர்கள் டென்னிஸ் காஃபியும் மைக் தியோடரும் கண்டெடுத்தது, 1970-இல் முதல் ஆல்பம் 'கோல்ட் ஃபேக்ட்', அடுத்த ஆண்டு இரண்டாவது ஆல்பம், இரண்டுமே அமெரிக்காவில் விற்காமல் கம்பெனி கைவிட்டது என்று வேகமாகச் சொல்லிக்கொண்டு போயிருந்தாள். அதன்பிறகு அவர் பழைய வீடுகளை இடிக்கும் வேலைக்குப் போனார். அந்த இடத்துக்கு வந்ததும் எழுத்து நிதானமாகிவிட்டது. இடிப்பு வேலைக்கு அவர் சில நாள் டக்ஸீடோ சூட் போட்டுக்கொண்டு வருவார் என்று கூட வேலை பார்த்த ஒருவர் ரோட்ரிகஸைப் பற்றிய ஆவணப்படத்தில் சொல்கிறார் அல்லவா, அதை வைத்து ஒரு முழுப் பத்தி. செங்கல் தூசிக்கும் பழைய மரச்சட்டங்களுக்கும் நடுவில் சூட்டில் நிற்கும் மனிதர். படிக்கும்போது நானும் அங்கே கொஞ்சம் நின்றுவிட்டேன்.

பிறகு தென்னாப்பிரிக்கா. நிறவெறி ஆட்சி நடந்த காலம். உலகம் அந்த நாட்டை ஒதுக்கி வைத்திருந்தது, தொலைக்காட்சியே 1976-இல்தான் வந்தது. அங்கே இந்த ஆல்பங்கள் கைக்குக் கை மாறிப் பரவின. வானொலி நிலையத்து இசைத்தட்டில் போடக்கூடாத பாட்டின் மேல் கூரான எதையோ வைத்துக் கீறியே வைத்திருந்தார்கள். அவர் மேடையிலேயே தன்னைச் சுட்டுக்கொண்டார், தீ வைத்துக்கொண்டார் என்றெல்லாம் அங்குள்ள ரசிகர்கள் நம்பினார்கள். ஒரு பாட்டு வரியில் வந்த டியர்பார்ன் என்ற ஊர்ப்பெயரைப் பிடித்துக்கொண்டு தேடியபோதுதான் ஆள் உயிரோடு இருப்பது தெரிந்தது. 1998 மார்ச்சில் கேப் டவுனில் மேடை ஏறினார். இந்தத் தேடலை வைத்து மாலிக் பெஞ்சலூல் எடுத்த ஆவணப்படம் 'சர்ச்சிங் ஃபார் சுகர் மேன்' 2012-இல் வந்து, மறு வருடம் ஆஸ்கர் வாங்கியது. உலகத்துக்கு ரோட்ரிகஸ் தெரிந்தது அந்தப் படத்தால்தான். கட்டுரையும் அந்தப் படத்தின் வடிவத்தையே எடுத்துக்கொண்டிருந்தது: 1971-இல் மறைந்த மனிதர் 1998-இல் எழுந்து வருகிறார்.

அதில்தான் எனக்கு இடித்தது. நடுவில் ஆஸ்திரேலியா இருக்கிறதே. 1970-களின் நடுவில் அங்கே ப்ளூ கூஸ் மியூசிக் என்ற கம்பெனி அவருடைய ஆல்பங்களை வாங்கி விற்றது. அவையும் நன்றாகப் போயின. அதை வைத்துத்தான் 1979-இல் அவரைக் கூப்பிட்டார்கள். அந்தக் கச்சேரிகளின் ஒலிப்பதிவே தனி ஆல்பமாக வந்தது. 1981-இல் மிட்நைட் ஆயில் என்ற ஆஸ்திரேலிய ராக் குழுவோடு மறுபடியும் சுற்றினார். படத்தில் இது ஒரு வார்த்தைகூட இல்லை. படம் வெளியானபோதே இதை எடுத்துச் சொன்னவர்கள் உண்டு.

"ஆஸ்திரேலியா பத்தி ரெண்டு வரி சேர்க்கணும்மா" என்றேன்.

"தெரியும் சார். தெரிஞ்சேதான் விட்டேன்" என்றாள்.

அவளுக்குத் தெரியாமல் விட்டுப்போயிருக்கும் என்றே நினைத்திருந்தேன். தெரிந்தே விட்டதாகச் சொன்னதும் எனக்குக் கோபம் வந்தது. தெரிந்த ஒன்றை விட்டால் அது பொய் சொல்வதற்குப் பக்கத்தில் வந்துவிடும் என்றேன். படம் தென்னாப்பிரிக்க ரசிகர்களின் தேடலைச் சொல்கிறது, அவர்களுக்கு ஆஸ்திரேலியா தெரியாது, அதனால் படத்தில் இல்லாததற்கு ஒரு நியாயம் இருக்கிறது என்றாள். நாம் எழுதுவது படத்தைப் பற்றி இல்லை, ஒரு மனிதரின் வாழ்க்கையைப் பற்றி என்றேன். இந்தப் பதிலில் எனக்கு இன்றும் சந்தேகம் கிடையாது.

நான் இன்னொன்றும் சொன்னேன். ஆஸ்திரேலியாவை விட்டால் நீ அவரைச் சின்னதாக்குகிறாய். ஒரு நாளும் கைதட்டலே கேட்காத மனிதர் இடிப்பு வேலைக்குப் போவது ஒரு கதை. பெரிய அரங்கங்களில் பாடி, தன் பாட்டு முழுவதையும் மனப்பாடமாக வைத்திருந்த கூட்டத்தைக் கண்ணால் பார்த்துவிட்டு, டெட்ராய்ட்டுக்குத் திரும்பி மறுபடி செங்கல் சுமப்பது வேறு கதை. 1981-லிருந்து 1998 வரை 17 வருடம். அதே 1981-இல் வெய்ன் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் தத்துவத்தில் பட்டம் வாங்கியிருக்கிறார். தேர்தல்களில் நின்று தோற்றிருக்கிறார். இதெல்லாம் தோற்றுப்போய் ஒதுங்கியவர் செய்கிற காரியமா? புகழ் ஒரு தடவை வந்துபோன பிறகும் அதைத் துரத்தாமல் இருந்தவர் இவர். எனக்கு இந்த ரோட்ரிகஸைத்தான் அதிகம் பிடிக்கும்.

அவள் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம் சொன்னாள்: "அப்போ அதை எழுதணும் சார். நீங்க இப்ப சொன்ன மாதிரி எழுதணும். ரெண்டு வரியில போட்டா அது வெறும் திருத்தம். எனக்கு ஒரு மணி நேரம் குடுங்க, கட்டுரையையே மாத்தித் தர்றேன்."

ஒரு மணி நேரம் இல்லை. அச்சகத்துக்குப் போக வேண்டிய பக்கங்களில் எங்களுடையது கடைசியாக நின்றது. கீழே விளம்பரம் பூட்டப்பட்டிருந்தது, புகைப்படத்தையும் சிறிதாக்க முடியாது. லே-அவுட்டில் இருந்தவர் ஏற்கெனவே இரண்டு முறை போன் செய்துவிட்டார். இரண்டு வரி உள்ளே வர வேண்டுமென்றால் அதற்கு மேலாகவே வெளியே போக வேண்டும், ஏனென்றால் வருடங்களையும் பெயர்களையும் சேர்த்தால் இரண்டு வரி நான்கு வரியாகிவிடும். நான் சூட் பத்தியை வெட்டினேன்.

வேறு எதை வெட்டியிருக்க முடியும்? பிறப்பு, ஆல்பங்கள், தென்னாப்பிரிக்கா, 1998, ஆஸ்கர், மரணம் எல்லாம் வேண்டும். அவை இல்லாமல் அஞ்சலிக் கட்டுரை இல்லை. சூட் பத்தியில் தேதி இல்லை, எண் இல்லை. அது ஒருவர் நினைவிலிருந்து சொன்னது. டெஸ்க்கில் பழகிய கை அதைத்தான் முதலில் தேடிப்போகும். பல வருடம் இந்த வேலையைச் செய்தவர்கள் யாரைக் கேட்டாலும் இதையே சொல்வார்கள் என்று நினைக்கிறேன்.

பெயர் வேண்டாம் என்று அவள் சொன்னாள். சண்டை போடவில்லை, குரல் உயரவில்லை. "என் பேரை எடுத்துடுங்க சார்" என்று மட்டும் சொன்னாள். எடுத்துவிட்டேன். கட்டுரை பெயரில்லாமல் வந்தது. எழுதியவர் கேட்டால் பெயரை எடுப்பது முறைதான், அதில் எனக்குக் குழப்பமில்லை. ஆனால் மறுநாள் பக்கத்தைப் பிரித்துப் படித்தபோது அந்த நான்கு வரிகள் எனக்கே கரடுமுரடாகத் தெரிந்தன. 1971-க்கும் 1998-க்கும் நடுவில் வந்து உட்கார்ந்துகொண்டு, முன்னால் சொன்னதையும் பின்னால் வருவதையும் அவை ஒட்டவிடவில்லை. மேலே "யாருக்கும் தெரியாமல் மறைந்தார்" என்று இருக்கிறது, கீழே ஆயிரக்கணக்கானோர் முன் ஆஸ்திரேலியாவில் பாடினார் என்று இருக்கிறது. தகவல் சரி. படிக்கிறவருக்கு அந்த மனிதர் கிடைத்தாரா என்பது தெரியவில்லை.

ஒருவர் இறந்த அன்றே மாலைக்குள் அவர் வாழ்க்கைக்கு ஒரு வடிவம் கொடுத்துவிடுகிறோம். 81 வருடம், ஒரு பக்கத்தில் முக்கால் பாகம். படம் எடுத்தவர் ஆஸ்திரேலியாவை விட்டார், நான் சூட்டை விட்டேன். இரண்டையும் ஒன்றாக வைத்துப் பேசுவது எனக்கு நியாயமாகப் படவில்லை. அவர் விட்டதால் உலகம் நம்பியது மாறிப்போனது. நான் விட்டதால் எந்தத் தகவலும் பிழையாகவில்லை. இப்படித்தான் நான் எனக்குச் சொல்லிக்கொள்கிறேன். ஆனால் அந்த மனிதரைப் பற்றிக் கடைசி வரை மாறாத விஷயம் எது என்று யோசித்தால் நான் வெட்டிய பத்திதான் நினைவுக்கு வருகிறது. புகழ் வந்தபோதும் அவர் டெட்ராய்ட்டில் பல வருடமாக இருந்த அதே வீட்டில்தான் இருந்தார். 1998-க்குப் பின் கிடைத்த பணத்தில் பெரும்பகுதியைக் குடும்பத்தாருக்கும் நண்பர்களுக்கும் கொடுத்துவிட்டார் என்று மகள் சொல்கிறார். ஆஸ்கர் விழாவுக்கே போகவில்லை, கவனம் படம் எடுத்தவர்கள் மேலிருந்து தன் பக்கம் திரும்பிவிடக் கூடாது என்பதால். வேலையை மரியாதையோடு செய்வது, கவனத்தைக் கேட்காமல் இருப்பது, இரண்டும் அந்த ஒரு பத்தியில் இருந்தன. ஆஸ்திரேலியாவைக் கொண்டு நான் அவளிடம் நிரூபிக்கப் பார்த்ததும் இதே குணத்தைத்தான்.

எங்களுக்குள் மனக்கசப்பு நீடிக்கவில்லை. அதன்பிறகும் அவள் கட்டுரைகளை நான்தான் பார்த்தேன். அவள் தகவல்களை முன்னைவிட அதிகமாகச் சரிபார்த்தாள். இது என்னால் என்று சொல்லிக்கொள்ள ஆசைதான், சொல்ல முடியவில்லை. ஏனென்றால் அவள் எழுத்து முன்னைவிடச் சற்றே எச்சரிக்கையாகவும் ஆகிவிட்டது. நின்று எழுதுகிற பத்திகள் குறைந்தன. இன்னொரு வேலை கிடைத்து அவள் போன பிறகுதான் இதைக் கவனித்தேன் என்று நினைக்கிறேன், அல்லது இருந்தபோதே தெரிந்திருந்ததோ என்னவோ. பக்கத்துக்கு வசதியான எழுத்து அது. நான் பாராட்டவும் செய்தேன்.

போவதற்கு முன் ஒரு நாள் தேநீர் குடிக்கும்போது பேச்சு ரோட்ரிகஸ் பக்கம் போயிற்று. "ஆஸ்திரேலியா வந்தது சரிதான் சார், அதுல இப்ப எனக்குக் கோபம் இல்ல" என்றாள். "ஆனா வெட்ட உங்களுக்கு வேற இடமே கிடைக்கலையா?"

இருந்திருக்கும், பார்க்கிறேன் என்றேன். அந்தக் கட்டுரையின் பழைய பிரதி என் கணினியில் இருக்கிறது. அவ்வப்போது திறந்து பார்ப்பேன். இறந்துபோனதாகப் பரவிய வதந்திகளை ஒரு வரியாகச் சுருக்கியிருக்கலாம் என்று தோன்றும். ஆனால் அவை இல்லாவிட்டால் 1998-இல் கேப் டவுன் கூட்டம் ஏன் அவரைப் பாடவே விடாமல் ஆர்ப்பரித்தது என்பது விளங்காது. தேர்தலில் நின்றதை எடுக்கலாம், அது அரை வரிதான். ஆஸ்கர் வாக்கியத்தை வெட்டியிருக்கலாம் என்று சில நாள் உறுதியாகத் தோன்றும். போகாத விழாவைப் பற்றி எழுதி என்ன? அப்புறம், அந்தப் படத்தைச் சொல்லாவிட்டால் எங்கள் வாசகர்களில் பாதிப்பேருக்கு இவர் யாரென்றே தெரியாதே என்று தோன்றும், அந்த வாக்கியத்தை அப்படியே விட்டுவிடுவேன்.